ஒரே ஒரு முறை முந்திப் பாய்ந்தவன்

ஒன்பது வருடத்தில் லவெல் புரூசாரின் பேர் பத்திரிகையில் வந்தது நாலைந்து தடவை இருந்தால் அதிகம். அதிலும் இரண்டு தடவை எழுத்துப் பிழை. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிகிறவனுக்கு மாலை, பிடிக்கிறவனுக்கு மரியாதை. தடுப்பு வரிசையின் நட்டநடுவில் கையூன்றிக் குனிந்து, எதிரணித் தடியர்கள் இரண்டு பேரை ஒருசேர மார்பில் வாங்குகிறவனுக்கு முதுகுவலிதான் மிச்சம். அவன் அந்த இருவரையும் மடக்கி வைத்தால், பின்னால் நிற்பவன் ஓடிவந்து பந்துக்காரனைச் சாய்த்துப் பேர் வாங்குவான். லவெலுக்கு அதில் குறையே இல்லை. லூசியானா கரும்பு ஆலைக்காரன் மகன், நூற்று நாற்பது கிலோ உடம்பு, இதை வைத்துக்கொண்டு நாட்டியமா ஆட முடியும் என்பான்.

அவனுக்கென்று ஒரு பெருமை மட்டும் உண்டு. பந்து அசையும் முன் அவன் அசைந்ததே இல்லை. முந்திப் பாய்ந்தால் அணிக்கு ஐந்து கஜம் தண்டம். எதிரணிப் பந்தெறிபவன் தொண்டை கிழியக் கத்தி ஏமாற்றுவான். சூரப்புலிகள் பாய்ந்துவிட்டு அசடு வழிவார்கள். லவெல் கல்லாக இருப்பான்.

"கத்துறவன் கத்தட்டும். பந்துக்கு வாய் கிடையாதுடா" என்பான்.

தொண்ணூற்று மூன்றாம் வருடப் பயிற்சி முகாமில் நடு இடம் ஒன்று, ஆள் இரண்டு. மற்றவன் கீனன் ஓட்ஸ், வயது இருபத்து மூன்று. லவெலுக்கு முப்பத்திரண்டு. இந்த அணி கைவிட்டால் வேறு அணி சீந்தாது. இடது முட்டி வேறு மக்கர் செய்தது. அதைப் பற்றி அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

பருவம் தொடங்குமுன் கடைசி ஆட்டம். எதிரணிக்கு நான்காவது முயற்சி, அதுதான் கடைசி; வேண்டியது ஒரே கஜம். அவர்கள் பந்தைத் தொடப்போவதில்லை, கத்திப் பாயவைத்து அந்தக் கஜத்தைத் தண்டமாகவே வாங்கத்தான் பார்க்கிறார்கள் என்பது சோளப்பொரி விற்கிறவனுக்கே தெரியும்.

"எவனும் அசையாதீங்கடா, பூச்சாண்டி காட்டுறான்" என்றான் லவெல்.

அடுத்த நொடி அவனே பாய்ந்தான். நடுவர் தண்டக் கொடியை வீசினார்.

மறுநாள் ஆள் கழிக்கும் நாள். அன்று காலை உணவறையில் ஆட்டக்காரர்கள் வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். அலுவலக ஆள் தோளைத் தொட்டு, "கோச் கூப்பிடுறார், ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்க" என்றால் கதை முடிந்தது. லவெலின் தோளையும் தொட்டான். ஆனால், "புத்தகம் வேணாமாம், உன்னை மட்டும் வரச் சொன்னார்" என்றான்.

தடுப்பு வரிசைக்குப் பயிற்சி தரும் கோச் பிரூயிட் தனியாக இருந்தார்.

"கீனனுக்கு இன்னும் ரெண்டு பேரைத் தாங்கத் தெம்பு பத்தாது. உன்னையே வெச்சுக்கலாம்னு இருக்கேன். ஒம்பது வருஷமா பாயாதவன் நேத்து ஏன்டா பாஞ்ச?"

லவெல் இடது முட்டியில் கை வைத்தான்.

"பந்து அசையட்டும்னு காத்திருந்தா நேரத்துக்கு எந்திரிக்க முடியல கோச். முட்டி விடல. இந்த மாசம் பூரா குத்துமதிப்பாத்தான் எந்திரிக்கிறேன். நேத்துத்தான் தப்பிப் போச்சு."

"கால் வழுக்கிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இடம் உனக்குத்தானேடா, மடையா."

"தெரியும் கோச். ஆனா வர்ற ஞாயித்துக்கிழமையும் பாய்வேன், தண்டம் அணிக்குத்தான்."

பிரூயிட் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். லவெல் வாய்விட்டு அழுதான்.