நாற்பது பேரில் ஒருவருக்கும் சர்க்கரை இல்லை

இரும்புக் கிடங்கில் எல்லாரும் அவளை மேலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கூரையை ஒட்டி ஓடும் கிரேன் கூண்டில் உட்கார்ந்து, நாலு டன் தகட்டை அலுங்காமல் இறக்குகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? "பொம்பளை கையில குடுத்தா மண்டை உடையும்" என்று முதல் நாள் சிரித்தவர்களின் மண்டையெல்லாம் இன்றுவரை பத்திரமாகத்தான் இருக்கிறது.

அவளுக்கு ஐம்பத்தொன்று ஆனபோது கிடங்கில் மூன்று நாள் மருத்துவ முகாம் போட்டார்கள். நர்ஸ் குறித்துக்கொண்டது நாலே விஷயம்: வயது, சர்க்கரை உண்டா என்றால் அவரவர் சொல்லும் பதில், ரத்த அழுத்தம், ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு நாடித்துடிப்பு. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். மேலக்காவுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை; உட்கார்ந்தபடியே நாடி தொண்ணூற்றாறு. கூட்டிப் பார்த்தால் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டது.

"அக்கா, இது நோய்னு அர்த்தம் இல்ல. இதயத்துக்குப் போற நரம்பு கெட்டிருக்குமோன்னு ஒரு சந்தேகம், அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரியில பார்த்தாத்தான் தெரியும். ஆனா பார்க்காம விடாதீங்க. அந்த நரம்பு கெட்டா மாரடைப்பு வந்தாக்கூட வலி தெரியாமப் போயிடலாம்" என்றாள் நர்ஸ்.

நர்ஸ் எழுதிய காகிதம் கிடங்கு அதிகாரி கைக்குப் போனது. 'சந்தேகம்' என்ற சொல்லை அவர் படித்தாரோ இல்லையோ, மறுநாளே அவளைக் கூண்டிலிருந்து இறக்கி, வாசலில் லாரிகளுக்குச் சீட்டுக் கிழிக்க உட்காரவைத்தார். இனி அங்கேதான் என்றார்.

மேலக்காவுக்கு வயிறு எரிந்தது. அடுத்த நாள் அதைவிட எரிந்தது. அவள் கதியைப் பார்த்த நாற்பது பேர் முகாம் வரிசையில் நின்று ஒரே பாட்டைப் பாடினார்கள்: "சர்க்கரையா? எனக்கா? இல்லவே இல்ல!" தினமும் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிற வெல்டர்கூட அதையேதான் சொன்னான்.

"நாப்பது பேர்ல ஒருத்தருக்குக்கூட இல்லையாம். யாருக்குக் காது குத்துறாங்க?" நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மேலக்கா நேராக அதிகாரி அறைக்குள் நுழைந்தாள்.

"சார், அந்தக் காகிதம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுது. வேலையைப் பிடுங்கச் சொல்லல. ரிசல்ட் வர்ற வரைக்கும் நானே ஏற மாட்டேன், கீழ ஆளுங்க நிக்குறாங்க. ஆனா கிரேன் வேலை எனக்குத்தான்னு எழுதிக் குடுங்க."

"அந்த ரிஸ்க்கெல்லாம் எடுக்க முடியாதும்மா."

"யாருக்கு என்ன இருக்குன்னே தெரியாம நாப்பது பேர் இரும்பு தூக்குறாங்களே, அதுக்கு என்ன பேரு?"

"வாயைக் குறை."

"வாயில எந்தக் கோளாறும் இல்லைன்னு நர்ஸே சொல்லிட்டாங்க சார்."

ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள், எழுப்பி நிற்கவைத்தார்கள், மூச்சை ஆழமாக இழுத்து விடச் சொன்னார்கள். நர்ஸ் சந்தேகப்பட்டது சரிதான். எப்படி மூச்சு விட்டாலும் நாடி கொஞ்சமும் மாறவில்லை. எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரிந்தது. ஏணி ஏறக்கூடாது, தரையில் நின்று வேலை செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதுவிட்டாள். இருபத்திரண்டு வருஷம் சும்மாவா? காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'ஒண்ணுமில்லைன்னுட்டாங்க' என்று அளந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு வெல்டரின் ஞாபகம் வந்தது. இப்படி ஆளாளுக்கு மறைத்தால் எவன் பிழைப்பான் என்று கோபம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் வேலை தொடங்கும்முன் அத்தனை பேர் முன்னாலும் காகிதத்தை ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தாள்.

"எனக்கு இருக்கு. ஒளிக்க மாட்டேன், ஏணியும் ஏற மாட்டேன். ஆனா ரெண்டாவது கிரேனைக் கீழ நின்னே ரிமோட்ல ஓட்டலாம். அதை நான்தான் ஓட்டுவேன். சீட்டுக் கிழிக்க வேற ஆளைப் பாருங்க."

அதிகாரி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "கேட்ட வேலையைக் குடுக்க இது என்ன உன் வீடா? போ வாசலுக்கு!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெல்டர் முன்னால் வந்தான். சட்டையைத் தூக்கி, ஊசித் தழும்பு படிந்த வயிற்றைக் காட்டினான்.

"பதினோரு வருஷமா எனக்கும் சர்க்கரை சார். என்னையும் வாசலுக்கு அனுப்புங்க."

"எனக்கு ஆறு வருஷம்" என்றான் லாரியில் சரக்கு ஏற்றுகிறவன். பின்னாலிருந்து இன்னொரு கை உயர்ந்தது. அதற்குப் பின்னால் நாலைந்து. பாதிக் கிடங்கு வாசலுக்குக் கிளம்பத் தயாராக நின்றது.

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, சரி... அந்த ரிமோட் எங்க இருக்கு?"

மேலக்கா அதை ஏற்கெனவே கையில் எடுத்து வைத்திருந்தாள்.