கரீம் சார் நிறுத்திய படகு

ஆம்பூரில் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில், தையல் லைன் ஓடும்போது போனைத் தொடக் கூடாது. டீ இடைவேளையில் எடுத்துப் பார்த்தால் என் வீட்டுக்காரர் பல முறை கூப்பிட்டிருந்தார். திரும்ப அழைத்தேன். "உன்னோட கரீம் சார் போய்ட்டாராம்" என்றார். பேரணாம்பட்டில், வீட்டிலேயே, தூக்கத்தில். அந்த 'உன்னோட' எதற்கு என்று எங்கள் முகாமில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

கரீம் சார் வருவாய் ஆய்வாளர். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கான எங்கள் முகாம் பல வருடம் அவர் பொறுப்பில் இருந்தது. நான் இந்த மண்ணில், அந்த முகாமிலேயே பிறந்தவள். ஆனாலும் அகதிதான். மாதாமாதம் செக்கிங் நடக்கும். பெயரைக் கூப்பிடும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பதிவிலிருந்து பெயர் போய்விடும். பெயர் போனால் இந்த நாட்டில் நாங்கள் யாருமே இல்லை.

ஆள் இல்லாத வீட்டுக்கெல்லாம் முகாமில் ஒரே பதில்தான்: கக்கூஸுக்குப் போயிருக்கிறார். சார் வந்த புதிதில் வீட்டுக்கு வீடு இதே பதில். மனுஷன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கழிப்பறைக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டார். வெகு நேரம் ஒருவரும் வெளியே வரவில்லை. "இன்னாம்மா, முகாமுக்கே ஒரே நேரத்துல வயிறு கலக்கிக்கிச்சா?" என்று என் மாமியாரைக் கேட்டார். மாமியார் சளைத்தவரா? "ரேஷன் அரிசி அப்பிடி, சேர்" என்றார். சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் விடவில்லை, விசாரித்தார். வராதவர்கள் எல்லோரும் ஷூ கம்பெனியிலும் தோல் பதனிடும் ஷாப்பிலும் வேலையில் இருந்தார்கள். அடுத்த மாதமே செக்கிங் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. அதற்காக மேலே திட்டு வாங்கினார் என்று பிறகு தெரிந்தது. "வேலைக்குப் போற நேரத்துல கூப்பிட்டா பொய்தான் வரும். லீவு நாள்ல கூப்பிட்டா, வராதவன்தான் நிஜமா இல்லாதவன்" என்பார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் நிஜமாகவே இல்லை. ஒரு ஏஜெண்டை நம்பி, படகில் ஆஸ்திரேலியா போவதற்காகக் கேரளக் கடற்கரைக்குப் போயிருந்தார். போய்ச் சேர்ந்ததும் என்னையும் கைக்குழந்தையையும் கூப்பிட்டுக்கொள்வாராம். நானும் கக்கூஸ் பக்கம் கையைக் காட்டினேன். சார் என்னைத் தனியாக அழைத்துப் போனார். "திருட்டுத்தனமா எல்லை தாண்டுறவனைப் பிடிக்கறது என் வேலை. அதுக்காக மட்டும் கேக்கலம்மா. அந்த மாதிரி படகுல போனவங்க கதியெல்லாம் உனக்கே தெரியும். எங்க ஏர்றாங்க, சொல்லு."

சொன்னால் போலீஸ். சொல்லாவிட்டால் கடல். குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு ஊர்ப் பெயரைச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். சார் அங்கேயே நின்று போலீஸுக்குப் போன் செய்தார்.

படகு கிளம்பும் முன்பே எல்லோரையும் பிடித்துவிட்டார்கள். வழக்கு, ஜெயில், அலைச்சல் எதையும் சார் தடுக்கவில்லை. அழுதுகொண்டு போய் நின்றபோதும் "அதுல நான் தலையிட மாட்டேன்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். ஆனால், பதிவிலிருந்து பெயரை நீக்கச் சொன்ன மேலதிகாரியிடம் மல்லுக்கு நின்றார். "தப்பு பண்ணான், தண்டனை குடுங்க. ஆளே இல்லன்னு மட்டும் எழுதாதீங்க" என்றாராம். பெயர் தங்கியது. வெளியே வந்த என் வீட்டுக்காரர் சாரோடு அதன்பின் பேசவே இல்லை. செக்கிங்கில் கையைத் தூக்குவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். "கை வந்தா போதும்ப்பா" என்று சார் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

ஓய்வு பெற்ற பிறகு, அகதிகளுக்கான சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று வேலூரில் அதிகாரிகள் கருத்துக் கேட்ட கூட்டத்துக்கு வந்தார். "கதவுன்னா தாழ்ப்பாளும் வேணும், கைப்பிடியும் வேணும். நாம தாழ்ப்பாளை மட்டும் ஜாஸ்தி பண்ணிட்டோம். வந்தவனைப் பதிங்க, நல்லா விசாரிங்க. கெட்டவனை அனுப்புங்க, நான் வேணாங்கல. மத்தவனுக்கு ஒரு முடிவைச் சொல்லுங்க. இங்கியே பொறந்த பொண்ணுக்கு இன்னும் எத்தினி வருஷம் செக்கிங் பண்ணுவீங்க?" என்றார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் கை வலிக்கத் தட்டினேன். அந்த முடிவு இன்னும் வரவில்லை.

ஜனாஸா அடக்கத்துக்கு வரமாட்டேன் என்ற வீட்டுக்காரர், எனக்கு முன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். பேரணாம்பட்டு பஸ்ஸில் வழியெல்லாம் சாரைத் திட்டிக்கொண்டே வந்தார். அங்கே போனதும், தோள் கொடுக்கக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார்.

எல்லாம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது சாரின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பா ஞாபகமா உங்ககிட்ட எதனா இருக்காக்கா? போட்டோ, கீட்டோ?"

தெருமுனையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்த என் வீட்டுக்காரரை அவருக்குக் காட்டினேன்.