ராயபுரத்துக்கு வந்த ஆளுயரக் கண்ணாடி

"இந்தக் கும்பலுக்கு யாரும்மா பொறுப்பு?"

போன சனிக்கிழமை, பட்டப்பகலில், துறைமுக லைன் ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் என்னை இப்படிக் கேட்டார். நான் ஊர்வலம் நடத்தவில்லை. கோஷம் போடவில்லை. ஒரு கண்ணாடி வாங்கினேன், அவ்வளவுதான்!

இருங்கள்... முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

ராயபுரத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிப் போர்ஷனுக்கு நாங்கள் குடிவந்து நாலு மாதம் ஆகிறது. நாங்கள் என்றால், நானும் என் வீட்டுக்காரரும். இவருக்கு ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா வேலை. பழைய காலத்து வீடு. உயரமான ஹால், தெருவைப் பார்த்து ஒரு பால்கனி, சன்னலைத் திறந்தால் கடல் காற்று. வீட்டைப் பார்த்த அன்றே எனக்குக் கை பரபரத்தது. இதை எப்படியெல்லாம் ஜோடிக்கலாம்!

மூர் மார்க்கெட்டில் தேடிப் பிடித்து ஒரு பழைய சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டேன். அதன் கைப்பலகையை நீட்டினால் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம், அந்த மாதிரி. உடைசல் கடை ஒன்றில் கப்பல் விளக்கு கிடைத்தது. பித்தளை. புளி போட்டு மூன்று நாள் தேய்த்ததில் தங்கமாகிவிட்டது. பால்கனிக்கு ரோஜா வைத்தேன். உப்புக் காற்றில் ஒரே வாரத்தில் பொசுங்கிப்போயிற்று. விடுவேனா? வாய் உடைந்த ஊறுகாய் ஜாடிகளில் குரோட்டன்ஸ் வைத்தேன். அது எந்தக் காற்றையும் சட்டை செய்யாமல் தளதளவென்று நிற்கிறது. கடற்கரையில் ஒதுங்கிய பச்சைக் கண்ணாடி உருண்டை ஒன்றை சன்னலில் தொங்கவிட்டேன்.

இவர் ஆபீசிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலைச் சுற்றிப் பார்ப்பார். "இன்னிக்கு என்ன புதுசு?" என்பார். பிறகு, "நமக்கு உட்கார இடம் இருக்கா, இல்லே மியூசியம் மாதிரி நின்னுக்கிட்டே பார்க்கணுமா?" என்பார்.

இப்படி இருக்கும்போதுதான், துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு துரை சீமைக்கே திரும்பிப் போவதாகவும், பங்களாவில் உள்ள சாமான்களை ஏலம் விடுவதாகவும் கேள்விப்பட்டேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. இவர் ஆபீசில் இருக்கும் நேரம்... இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

போனது ஒரு சின்ன ஸ்டூல் வாங்க. சத்தியமாகச் சொல்கிறேன், ஸ்டூல்தான். ஆனால் வராந்தாவின் கோடியில் அது நின்றுகொண்டிருந்தது. ஆளைவிட உயரமான நிலைக்கண்ணாடி. தேக்குச் சட்டம். சட்டம் முழுக்கக் கொடியும் பூவுமாகச் செதுக்கிய வேலை. கீழே சிங்கக் கால்கள். அதன் முன்னால் போய் நின்றேன். தலையிலிருந்து கால்வரை... நான்! எனக்கு முப்பத்திரண்டு வயது. அதுவரை என்னை நான் முழுசாகப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கை தானாக மேலே போய்விட்டது. ஏலக்காரர் மூன்று தரம் சொல்லி முடித்தபோது கண்ணாடி என்னுடையது.

அடுத்த கவலை, அதை வீட்டுக்குக் கொண்டுபோவது. கைவண்டி முனுசாமியைப் பிடித்தேன். எங்கள் தெருவுக்கு விறகு, மூட்டை எல்லாம் கொண்டுவருகிறவர் அவர்தான். கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"படுக்க வெச்சா விரிசல் உட்டுரும்மா. நிக்க வெச்சுத்தான் இஸ்துகினு போவணும்."

"விழுந்துடாதா?"

"நான் கீறேன் இல்ல? நீ பேஜாரு பண்ணாம பின்னாலயே வா."

வண்டியில் அதை நிற்கவைத்து, நாலு பக்கமும் கயிறு போட்டு இறுக்கினார். கண்ணாடியின் முகம் பின்பக்கம். ஆகவே வழி முழுக்க நானே என்னை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் தெரு. தெருவில் சைக்கிள்கள், கடைகள், ஆகாயம்... எல்லாம் கண்ணாடிக்குள் ஆடி ஆடி வந்தன. கொஞ்ச தூரத்தில் திரும்பிப் பார்க்கிறேன், என் பின்னால் பத்துப் பேர். இன்னும் கொஞ்ச தூரத்தில் முப்பது பேர்!

துறைமுக லைன் கேட் மூடியிருந்தது. நீள நீளமான கூட்ஸ் வண்டி. கைவண்டியை நிறுத்தினோம். அங்கே மீன் கூடைகளோடு ஏழெட்டுப் பெண்கள் கேட் திறக்கக் காத்திருந்தார்கள். அவ்வளவு பேரும் கண்ணாடியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஐய, என் காலு இம்மாம் கருப்பா கீது!"

"நவுரு, நவுரு, நீயே பாத்துகினு இருந்தா நாங்க எப்ப பாக்கறது?"

ஒரே சிரிப்பு. அவர்களில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. நாற்பது வயது இருக்கும். பெயர் அஞ்சலை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். தலையில் கூடையோடு வந்து நின்றவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கூடையை இறக்கி வைத்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். இரண்டடி பின்னால் போய், திரும்ப முன்னால் நடந்து வந்தாள்.

"எங்கம்மா," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "என்னம்மா?" என்று கேட்டேன்.

"எங்கம்மாதாம்மா இது. அது போயி பதினஞ்சு வர்சமாச்சு. போட்டோ கீட்டோ ஒண்ணும் கெடையாது. மூஞ்சி கூட மறந்து பூட்சு. கூடையத் தூக்கிகினு இப்பிடித்தான் வரும், ஒரு பக்கமா சாஞ்சுகினு... இன்னிக்கு எதிர்ல வந்து நிக்குது பாரு."

அவள் அழவில்லை. முகம் முழுக்க அப்படி ஒரு ஆச்சரியம்.

கேட் திறந்தது. யார் நகர்ந்தார்கள்? பின்னால் ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது, ரிக்‌ஷாக்காரர்கள் கத்துகிறார்கள். அப்போதுதான் போலீஸ்காரர் வந்து நான் முதலில் சொன்ன கேள்வியைக் கேட்டார். நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் கோபமாகக் கண்ணாடியைப் பார்த்தார். பார்த்தவர், பெல்ட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். தலைப்பாகையைச் சரிசெய்தார். ஒரு தரம் பக்கவாட்டில் திரும்பியும் பார்த்துக்கொண்டார்.

"சரி சரி, கெளம்புங்க," என்றார், ரொம்பத் தணிவாக.

கிளம்பினோம். ஆனால் கேட்டைத் தாண்டும்போது பின்னாலேயே ஒரு ஜட்கா வந்துவிட்டது. குதிரை கண்ணாடிக்குள் இன்னொரு குதிரையைப் பார்த்தது. அவ்வளவுதான்... முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு கனைத்தது. முனுசாமி பதறி வண்டியைத் திருப்ப, சக்கரம் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டது. கயிறு நெகிழ்ந்து கண்ணாடி என் பக்கம் சாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்!

சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால், ஐந்தாறு பெண்கள் சட்டத்தைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். முன்னால் அஞ்சலை. அவள் கூடை கவிழ்ந்து மீனெல்லாம் தண்டவாளத்தில் கிடந்தது.

"ஐயோ, உன் மீன்..." என்றேன்.

"மீனு கெடக்குது, நீ கண்ணாடியப் புடி!"

கண்ணாடியை நிமிர்த்திக் கட்டிய பிறகு எல்லோருமாக உட்கார்ந்து மீனைப் பொறுக்கினோம். நானும்தான். கூடையை எடுத்து வண்டியில் வைத்த அஞ்சலை, "ஒரு தபா வுழப் பாத்துது. நானும் கூடவே வரேன்," என்று கிளம்பிவிட்டாள்.

வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து இவரும் சரியாக அதே நேரத்தில் வந்து நின்றார். கண்ணாடியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மாடிப்படியைப் பார்த்துவிட்டு வந்தார்.

"படி பாதியிலே திரும்புதே... அளந்து பாத்தியா?"

அளக்கவில்லை! கடவுளே, அளக்கவே இல்லை. முனுசாமியும் இவரும் தூக்கிப் பார்த்தார்கள். பாதிப் படியில் சுவர் இடித்தது. அந்தத் திருப்பத்தில் எப்படிச் சாய்த்தாலும் ஏறாது.

"இது ஏறாதுமா," என்று முனுசாமி தலையைச் சொறிந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அஞ்சலை பால்கனியை அண்ணாந்து பார்த்தாள். "படியில ஏறலேன்னா இன்னா? கயிறு கட்டி இஸ்துக்கலாம். தோ, எங்க வூட்டு ஆளக் கூட்டியாறேன்."

கால் மணி நேரத்தில் அவள் புருஷன் கன்னியப்பன் நாலு பேரோடு வந்துவிட்டார். தோளில் படகுக் கயிறு. கண்ணாடியை எங்கள் ஜமக்காளத்தால் சுற்றினார்கள். இரண்டு பேர் மேலே, மூன்று பேர் கீழே. இவரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு பால்கனியில் போய் நின்றுகொண்டார். கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா!

"காத்து ஏறறதுக்குள்ள தூக்கிரணும். ம்... ஐலசா!"

கண்ணாடி தரையை விட்டது. ஐலசா... வாசல் நிலை உயரம். ஐலசா... இன்னும் நாலடிதான். அங்கேதான் கடல் காற்று திடீரென்று வந்து அடித்தது. ஜமக்காளம் அவிழ்ந்து பறந்தது. கண்ணாடி அந்தரத்தில் சுழன்றது. வெயில் அதில் பட்டு எதிர்வீடு, கடை, தெரு முழுக்க ஓடியது. தெருவே 'ஹோ' என்று கத்தியது.

"சட்டத்தப் புடி சாரே! சட்டத்தப் புடி!" என்று கீழேயிருந்து கன்னியப்பன் கத்தினார்.

இவர் பாதி உடம்பு வெளியே தொங்க எட்டிப் பிடித்தார். நான் பார்த்தது கண்ணாடியையா, இவரையா என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்... ஒரு நிமிஷம் கழித்து, கண்ணாடி பால்கனிக் கம்பியைத் தாண்டி உள்ளே போயிற்று. கீழே கைதட்டலும் விசிலும்!

எல்லோரையும் மேலே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தேன். வீட்டை ஜோடிக்கிறவர்களுக்கெல்லாம் ஓர் அற்ப ஆசை உண்டு. வருகிறவர்கள் நம் சாமான்களைப் பார்த்து அசந்துபோக வேண்டும். எனக்கு இல்லையா? நிறையவே உண்டு. ஆனால் அன்றைக்கு என் கப்பல் விளக்கை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடி முன்னால் வரிசை. மீசையைத் தடவிக்கொள்கிறவர் ஒருவர், தோளைத் திருப்பிப் பார்க்கிறவர் ஒருவர். கன்னியப்பன் மட்டும் கூச்சப்பட்டுக்கொண்டு கதவோரம் நின்றார்.

அஞ்சலை அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வா இங்க. கண்ணாலம் ஆயி இருவது வர்சம் ஆவுது. ரெண்டு பேரும் சேந்து எப்பிடி கீறோம்னு பாக்கலாம்."

நின்றார்கள். கன்னியப்பன் கண்ணாடிக்குள் தம்மைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"நல்லாத்தான் கீற," என்றார்.

"அத்த இன்னிக்குத்தான் சொல்ற!" என்று அவர் தோளில் ஒன்று போட்டாள் அஞ்சலை. ஹால் முழுக்கச் சிரிப்பு.

அன்றிலிருந்து தினமும் மீன் விற்றுவிட்டுத் திரும்புகிற பெண்கள் வாசலில் நின்று, "யக்கா, கண்ணாடி பாத்துட்டுப் போவட்டா?" என்று குரல் கொடுக்கிறார்கள். தாராளமாக! அஞ்சலை வந்தால் வெறும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுப் போகிறாள். அந்தச் சமயத்தில் நான் அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன். அம்மாவும் பெண்ணும் பேசும்போது நமக்கு அங்கே என்ன வேலை?

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, இவர் சட்டையைப் போட்டுக்கொண்டே கண்ணாடிப் பக்கம் வந்தார். "நாமும் ஒரு தடவை நின்னு பார்க்கலாமா?" என்றார், சன்னலைப் பார்த்துக்கொண்டு.

நின்றோம்.

இவர் என்னைவிட ஓர் அங்குலம் குள்ளம்! கல்யாணமான இந்தப் பதினோரு வருஷமாக எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. எப்படித் தெரியும்? கல்யாணப் போட்டோவில் இவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், தெருவில் எப்போதும் நாலடி முன்னால் நடக்கிறார்!