பாடு நாளில் சிவக்கும் புள்ளி

என்ன வேலை பார்க்கிறாய் என்று எங்கள் ஊர் பசியாவரத்தில் யாராவது கேட்டால், "புள்ளி பார்க்கிற வேலை" என்றுதான் சொல்வேன். சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் ஒரு இறால் பண்ணை. குளத்துக்குக் குளம் காற்றடிக்கிற மோட்டார், தண்ணீரை அளக்கிற கருவி என்று எல்லாவற்றுக்கும் கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஆளுக்கொரு புள்ளி. பேச்சு மூச்சு இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. ஏசியில் உட்கார்ந்து புள்ளி பார்ப்பதற்குச் சம்பளமா என்று அம்மாவுக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

அவற்றில் ஒரு புள்ளி மட்டும் என் உயிரை வாங்கியது. எங்கள் ஊர் ஏரித் தண்ணீர் பண்ணைக்குள் வரும் கால்வாய் முகப்பில், கம்பத்தின் மேல் நிற்கும் பெட்டி அது. நீர்மட்டத்தை அளந்து ஆன்டெனா வழியாக எங்களுக்கு அனுப்பும். அது வாயை மூடினால் பண்ணைக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பும் தானாக நின்றுவிடும். சில சாயங்காலங்களில் மட்டும் சட்டென்று சிவக்கும். விடிந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி பச்சை. டெக்னீஷியன் பகலில் போய்ப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே கீது" என்று கையை விரிப்பார்.

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. "மீன்காரங்க வேலைதான். முகப்பைச் சுத்தி வேலி போட்டுடுறேன். ஒருத்தனும் வலை கட்டக் கூடாது!"

ஏரியில் நல்ல இடங்களுக்குச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். பாடு என்போம். ஒருவர் பாடு நாளில் இன்னொருவர் அங்கே வலை வைக்க மாட்டார். அந்த முகப்பின் முறைக்காரர்களில் என் நைனாவும் ஒருவர். வேலி வந்தால் எங்கள் வீட்டு அடுப்பு அணைந்த மாதிரிதான்.

அன்று சாயங்காலமும் புள்ளி சிவந்தது. நைனா அங்கே போயிருந்தால் பார்த்துச் சொல்வாரே என்று போன் போட்டேன்; அவர் எடுக்காததால் அம்மாவுக்குப் போட்டேன்.

"இன்னிக்கி நம்ம பாடாச்சே, பொழுதோட வலைக்குப் பூட்டாரு. நான் இருக்கிற கோவத்துல நீ வேற! அன்னக்கூடையக் காணோம், சோத்தை எதுல கொட்டறது?"

போன தடவை சிவந்ததும் எங்கள் பாடு நாளில்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

விடிந்ததும் முதல் படகைப் பிடித்துப் போனேன். கம்பத்தின் உச்சியில், பெட்டியையும் ஆன்டெனாவையும் மூடிக்கொண்டு ஜம்மென்று கவிழ்ந்திருந்தது எங்கள் வீட்டு அன்னக்கூடை. பக்கத்துப் படகில் நைனா வலையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா இது?"

"ராவெல்லாம் கண்ணு சிமிட்டிக்கினே கீதும்மா இது. வெளிச்சம் பட்டா எறா மெரண்டு ஓடுது. அதான் மூடி வச்சேன். காலைல எடுத்துடுறேனே."

"அலுமினியத்தப் போட்டு மூடினா அது எப்பிடிப் பேசும்? அங்க பம்பே நின்னு போவுது. இந்த எடத்துக்கே வேலி போடப் போறாங்க நைனா!"

அவர் முகம் செத்துப்போய்விட்டது. கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் போய் அழுகை வந்தது. பையிலிருந்த கறுப்பு டேப்பைக் கிழித்து பெட்டியில் சிமிட்டிக்கொண்டிருந்த சின்ன விளக்கின் மேல் ஒட்டினேன். விளக்கு தெரியாவிட்டாலும் பெட்டி பேசும்.

மேனேஜரிடம் மறைக்காமல் சொன்னேன். குதித்தார். அன்னக்கூடை என்றதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கறாராகச் சொன்னார்: "உங்கப்பா முறையில இன்னொரு தடவை சிவந்துச்சு, மறுநாளே வேலிதான்."

அடுத்த பாடு நாளில் ஷிப்ட் முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் என் கண்ணெதிரே புள்ளி சிவந்தது.

"அய்யோ நைனா!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். மேனேஜர் நாற்காலியைத் தள்ளிவிட்டு என்னிடம் வருவதற்குள் புள்ளி பச்சைக்குத் திரும்பியது. கூடவே என் போன் அடித்தது.

"நீர்க்காக்கா ஒண்ணு அந்த ஆன்டெனா கம்பி மேல குந்தி வளைச்சிடுச்சிம்மா. ஓட்டிவுட்டு நிமித்தி வச்சிட்டேன்." நைனாவுக்கு மூச்சு வாங்கியது. "பச்சையா வந்துடுச்சா பாரு."