பழைய சீடி வாங்கிய கடை

மட்டக்களப்பு டவுனில் நானும் என் கணவரும் வீடியோ கேம் கடை வைத்திருந்தோம். வளைகுடாவில் வேலை செய்தவர்கள் கொண்டுவந்த கேம் மெஷின்களில் கள்ளச் சீடி ஓடாது, ஒரிஜினல்தான் வேண்டும். கொழும்பு ஏஜென்ட் ஒருவர் கொண்டுவந்து தருவார். அதை வாங்கக்கூடியவர்கள் குறைவு. அதனால் விளையாடி முடித்ததைத் தந்துவிட்டு, கொஞ்சம் காசு மேலே போட்டு வேறொரு பழையதை எடுத்துப்போகலாம் என்றோம். கடைக்குள் நிற்க இடமில்லாமல் போயிற்று.

ஏஜென்டின் முகம் கறுத்தது.

"நாங்க ஒண்ணு விக்கிறோம். நீங்க அதையே ஏழெட்டுப் பேருக்கு விக்கிறீங்க. எங்களுக்கும் ஒண்ணுமில்ல, கேம் செஞ்சவனுக்கும் ஒண்ணுமில்ல" என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் எங்கள் ஆட்களால் அவ்வளவுதான் முடியும்.

சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கத்து வாடிக்கையாளர்கள் பலர் வரவேயில்லை. புதுச் சீடி கேட்பாரில்லை. ஏஜென்டும் வருவதை நிறுத்தினார். பழையதை நம்பியே கடையை நடத்தினோம்.

சண்டை மறுபடி மூண்டு, ஆயுதக் குழுக்கள் பொடியன்களைப் பிடித்துப்போன காலத்தில் ஒரு மாற்றத்தைக் கண்டேன். மாற்ற வருகிறவர்கள் குறைந்து, விற்க மட்டும் வருகிறவர்கள் கூடினார்கள். வந்தவர்கள் தாய்மார். சரக்கு தானாக வருகிறதென்று கணவருக்குச் சந்தோஷம். நானோ அவர்களிடம் மகன்மாரை விசாரிக்கத் தொடங்கினேன்.

பெரியகல்லாற்றிலிருந்து ஒரு தாய் மெஷினையே கொண்டுவந்தார்.

"வேற ஒண்டும் எடுக்கலையா அக்கா?"

"என்னத்துக்குப் புள்ள? விளையாட ஆள் இல்ல."

"மகன் எங்க?"

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். "வெளியூர்" என்றார்.

அடுத்த கிழமை, நட்ட நடு மத்தியானம், இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். இருவருக்கும் எங்கள் ஊர்ப் பேச்சுத்தான். ராக்கைத் தட்டிலிருந்த ஒரு மெஷினைக் காட்டிப் போடச் சொன்னார்கள். மெமரி கார்டில் முன்பு விளையாடியவனின் பெயர் திரையில் வந்தது.

"இவன் எந்த ஊர்?"

"தெரியா தம்பி. பழசு வாங்கி விக்கிறம், ஊர் பேர் கேக்கிறல்ல" என்றார் கணவர்.

"சரி, மறுகா வாறம்."

அவர்கள் போனதும் கதவை அடைத்தோம். கார்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு அழித்தேன். சில பொடியன்கள் பெயருக்குப் பக்கத்தில் ஊரையும் போட்டிருந்தார்கள். அதை வைத்தே வீடு தேடிப் போய்விடுவார்கள். கணவர் வாசலோடு நின்று ரோட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

சொன்னபடி திரும்பி வந்தார்கள். எதைப் போட்டாலும் பெயரில்லாத வெறும் திரை. ஒருவன் என்னை நெடுநேரம் பார்த்தான். பிறகு போனார்கள். அதன்பிறகு நாங்கள் பழையது வாங்கவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே கணவர் எழும்பிவிடுவார்.

சண்டை முடிந்ததும் ஏஜென்ட் புதுச் சரக்கோடு வந்தார். வாங்கி அடுக்கினோம். யாரும் வரவில்லை. விளையாடிய வயதில் இருந்தவர்களில் மிஞ்சியவர்கள் கத்தாரிலோ கனடாவிலோ இருந்தார்கள். கடையை மூட முடிவெடுத்தோம்.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது பெரியகல்லாற்றுத் தாய் வந்தார். அவர் தந்த மெஷின் விற்காமல் கிடந்தது.

"அவன் விளையாடினதெல்லாம் இதுக்குள்ள இரிக்குமா புள்ள?"

அழித்ததையும், ஏன் அழித்தேன் என்பதையும் சொன்னேன். அவர் வாங்குப் பலகையில் அமர்ந்தார். பிடிபடாமல் இருக்கட்டுமென்று மகனை வவுனியா பஸ்ஸில் ஏற்றியதாகவும் அதன்பின் ஒரு சேதியும் இல்லையென்றும் அப்போதுதான் சொன்னார்.

"நீங்க செய்தது சரிதான்" என்றார் பிறகு.

மெஷினைச் சும்மா கொடுத்தோம். எப்படிப் போடுவதென்று கணவரிடம் இரண்டு தரம் கேட்டுக்கொண்டு, அதை மடியில் வைத்தபடி ஊர்ப்பக்கம் போகும் கல்முனை பஸ்ஸில் போனார்.