பொட்டு வைத்த கணினியும் பிள்ளைக் காம்பரா விண்ணப்பமும்

விண்ணப்பம் பகல் பன்னிரண்டு மணிக்குள் தேயிலைத் தோட்டத்து ஆபிஸில் இருக்க வேண்டும். மணி ஒன்பதே கால். விண்ணப்பம் என் கணினிக்குள் இருந்தது. கணினியின் திரையோ கரி பூசியதுபோல் கிடந்தது.

விண்ணப்பத்துக்கு உரியவள் என் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருப்பவள். போன மழையில் கொழுந்து பறிக்கும் மலையில் வழுக்கி விழுந்ததில் முழங்கால் சில்லு விலகிவிட்டது. அதன் பிறகு சரிவில் கூடையோடு ஏறுவது அவளுக்குத் தினமும் தண்டனை. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவுக்கு ஓர் உதவியாளர் தேவை என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். அது கிடைத்தால் சமதரையில் பிழைத்துக்கொள்வாள். கிடைக்காவிட்டால் மலைதான்.

அந்த ஆபிஸில் முப்பது வருடம் இருந்து, பெரிய கிளாக்கராக ஓய்வு பெற்றவன் நான். ஆபிஸ் கழித்துவிட்ட பழைய கணினி ஒன்றும் அதன் பிரிண்டரும் என்னோடு ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தன. முந்தாநாளே விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து முடித்தேன். அச்செடுக்கத் தாள் இல்லை. தாள் வந்த நேற்று சரஸ்வதி பூசை. பூசையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது என்பது என் மனைவியின் சட்டம். புத்தகங்களோடு கணினியும் பூசையில் இருந்தது.

திரையை உற்றுப் பார்த்தால் இருட்டுக்குள் ஏதோ அசைவது தெரிந்தது. காட்சி அமைப்புகளில்தான் கோளாறு என்று தீர்மானித்தேன். மூக்கைத் திரையில் தேய்த்துக்கொண்டு அமைப்புப் பக்கத்தைத் தேடித் திறந்து, ரெஸல்யூஷனை மாற்றினேன். இருட்டு அப்படியே இருந்தது. ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றினேன். உள்ளே அசைந்ததும் நின்றுவிட்டது.

“என்னாங்க, காலங்காத்தால பொட்டிகூட சண்ட?” என்றாள் மனைவி.

“டிஸ்ப்ளே செட்டிங்ஸ்.”

“அது நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்திச்சு?”

நான் மவுஸை இன்னும் பலமாகத் தட்டினேன்.

வாசற்படியிலிருந்து குரல் வந்தது. “கிளாக்கரய்யா, கையாலயே எழுதிக் குடுத்துருங்களேன். கையெழுத்துப் போட்டுட்டு நான் ஓடிர்றேன்.”

“இந்தக் காலோட ஓடுவியாக்கும்,” என்றாள் மனைவி.

“தட்டச்சு செஞ்சதா இருக்கணும்னு அறிவித்தல்ல போட்டிருக்கு, புள்ள. கையால எழுதுனா மொத ஆளா கழிச்சிருவாங்க. நானே அப்புடிக் கழிச்சிருக்கேன்.”

“எத்தன பேரைங்க?” என்றாள் படியில் இருந்தவள்.

நோர்வூட் டவுனில் கணினிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனுக்கு, ஊர் வழக்கில் நானாவுக்கு, போன் போட்டேன்; எங்கள் ஆபிஸ் கணினிகளைப் பழுதுபார்த்தவரும் அவர்தான்.

“ரெஸல்யூஷன மாத்துனீங்களா, ஐயா?”

“மாத்தினேன். ரெஃப்ரெஷ் ரேட்டையும் மாத்தினேன்.”

“மொதல்ல என்னா இருந்திச்சு?”

அதைக் குறித்து வைக்கவில்லை என்று சொல்ல நேர்ந்தது. மறுமுனையில் சின்ன சிரிப்பு. “ஆபிஸ்ல ஒரு குண்டூசி எடுத்தாலும் எழுதி வைக்கச் சொல்லுவீங்களே! சரி, சேஃப் மோட்ல போட்டுப் பாருங்க. அதுலயும் இருட்டுன்னா கோளாறு கம்ப்யூட்டர்ல இல்ல, திரையில.”

அணைத்துப் போட்டேன். முதலில் தெரிய வேண்டிய கம்பனிச் சின்னமே தெரியவில்லை. அமைப்புகளெல்லாம் அதற்குப் பிறகுதான் வேலைக்கே வரும். இதை ஒன்பதே காலுக்கே பார்த்திருக்க வேண்டியவன், மணி பத்தே முக்காலுக்குப் பார்த்தேன்.

காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தவள் திரையின் அடிப்பக்கம் குனிந்தாள். “ஐயா, இங்க பொட்டு வச்ச பொத்தான்ல ஒன்னு உள்ளாறயே கெடக்குங்க.”

ஐந்து பொத்தான்கள். ஐந்துக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

“நான் வைக்கலங்க,” என்றாள் மனைவி உடனே. “நான் மேல ஒன்னுதான் வச்சேன்.”

வைத்தவன் நான். பூசையன்று தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் யந்திரம் தொடங்கி கடைசி சுவிட்ச் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைப்பது வழக்கம். ஒன்றும் விடுபடாமல் பார்ப்பது என் பொறுப்பாக இருந்தது. அங்கே உள்ளவை கைப்பிடி அளவு இரும்பு. இங்கே பருப்பு அளவு பிளாஸ்டிக். வெளிச்சத்தைக் குறைக்கும் பொத்தான், காய்ந்த சந்தனத்தில் அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் நான் திரையைப் போட்ட நிமிடம் முதல் அது வெளிச்சத்தைக் குறைத்தபடியே இருந்திருக்கிறது.

நான் ஸ்க்ரூ டிரைவர் தேடுவதற்குள் விண்ணப்பக்காரி தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்டத் தொடங்கிவிட்டாள்.

“பாத்து, பாத்து!”

“விழுந்தது காலுதாங்க. கை நல்லாத்தான் இருக்கு.”

நெடுநேரம் சுரண்டிய பிறகு டிக் என்று பொத்தான் மேலே வந்தது. வெளிச்சத்தைக் கூட்டியதும் திரை விழித்தது. நான் செய்த மாற்றத்தின் புண்ணியத்தில் எழுத்துகள் பஸ் பெயர்ப்பலகை அளவுக்கு இருந்தன. பாதி விண்ணப்பம் திரைக்கு வெளியே நின்றது. தாளில் மட்டும் ஒழுங்காக வந்தது. இரண்டு பிரதி எடுத்தேன். அவள் கையெழுத்திட்டபோது மணி பதினொன்றரை.

ஆபிஸுக்கு நல்ல காலுக்கே இருபது நிமிட இறக்கம். அவள் காலுக்குப் பன்னிரண்டு தாண்டிவிடும். ஓய்வு பெற்ற அன்று, இனி அந்த ஆபிஸ் படியை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்த நான், தாள்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கினேன்.

என் பழைய நாற்காலியில் இருந்தவர் நிமிரவே இல்லை. “அங்க வச்சிட்டுப் போங்க, ஐயா.”

“பிரதியில சீல் வச்சு, நேரம் போட்டுக் குடுங்க.”

“அதெல்லாம் இப்ப இல்லீங்க.”

விண்ணப்பம் வாங்கும் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருக்கையில் சீல் விழுந்தது.

மேலே ஏறி வந்து பிரதியை அவளிடம் நீட்டினேன். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, சீலை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இனி என்னாங்க செய்யணும்?”

“கூப்புடுற வரைக்கும் காத்திருக்கணும்.”

“எப்பங்க கூப்புடுவாங்க?”

“தெரியாது, புள்ள.”

தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “அப்ப நாளைக்கு மலைக்குத்தான்,” என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக லயத்துக்கு இறங்கினாள்.