எத்திராஜ் அண்ணனின் மூன்றடுக்குக் கிளாஸ்

திருப்பதியில் என் நாத்தனார் மகள் கல்யாண வரவேற்பில் பந்தி நடந்துகொண்டிருந்தது. மேளச் சத்தத்தில் போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்தபோதுதான் நிர்மலா அக்கா அழைத்திருந்ததைப் பார்த்தேன். வாசலுக்கு வந்து திருப்பிக் கூப்பிட்டேன். "சாந்தி, சாப்ட்டியாம்மா?" என்று முதலில் கேட்டார். ஆயிற்று என்றதும், "ஒங்க அண்ணன் போய்ட்டாரு. மத்தியானம் சாப்ட்டுட்டுப் படுத்தவரு எழுந்திருக்கல" என்றார். அக்கா நர்ஸ். எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்லிப் பழகியவர். தன் வீட்டுச் செய்தியையும், கேட்பவள் சாப்பிட்டுவிட்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

எத்திராஜ் அண்ணனும் நானும் சித்தூரில் ஒரே ஓட்டலில் வேலை பார்த்தோம். நான் வரவேற்பு மேசையில், அவர் பாரில். நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். இளம் வயதில் சென்னையில் பெரிய ஓட்டல்களில் இருந்துவிட்டுச் சொந்த மண்ணுக்குத் திரும்பியவர். மகன் கார்த்தி கல்லூரியில் படிக்கும்போது மனைவி தவறிவிட்டார். அதன் பிறகு சமையல், துணி துவைப்பது எல்லாவற்றையும் அவரே செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையும் சிரித்த முகமுமாக வேலைக்கு வருவார். வாடிக்கையாளர் தமிழில் பேசினால் தமிழ், தெலுங்கில் பேசினால் தெலுங்கு, சண்டை போட்டால் இங்கிலீஷ்.

அவரை அறிந்த எல்லோருக்கும் அந்த மூன்றடுக்குக் கிளாஸ் தெரியும். இரவு உணவு முடிந்ததும், விரல் உயரமே உள்ள சின்னக் கிளாஸில் இனிப்பாக ஒன்று கொடுப்பார். அடியில் கறுப்பு, நடுவில் பால் வெள்ளை, மேலே தேன் நிறம். ஒன்றோடொன்று கலக்காமல் கோடு போட்டது போல நிற்கும். வெளிநாட்டு லிக்கர் பாட்டில்களில் செய்ய வேண்டியது அது. நம்மூரில் அவை எப்போதும் கிடைக்காது என்பதால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஃபில்டர் காபி டிகாஷனில் சர்க்கரையைப் பாகாகக் காய்ச்சி, ஆறியபின் ரம் சேர்ப்பார். அதுதான் அடியில் போவது. நடுவில் போவது க்ரீமும் கொஞ்சம் மில்க்மெய்டும் விஸ்கியும். மேலே பிராந்தி. முதலில் பிராந்தியில் கமலாப்பழச் சாற்றைப் பிழிந்து பார்த்திருக்கிறார். பால் திரிந்து பன்னீராகிவிட்டதாம். பிறகு சாற்றை விட்டுவிட்டுத் தோலை மட்டும் ஊறவைத்தார்.

ஊற்றும்போது பார்க்க வேண்டும். ஸ்பூனைக் கவிழ்த்து, அதன் முதுகில் சொட்டுச் சொட்டாக விடுவார். இனிப்பு அதிகமானது கனமானது, அதனால் கீழே தங்கும், லேசானது மேலே மிதக்கும், அவசரப்பட்டால் மட்டும் எல்லாம் கெட்டுவிடும் என்பார். யாருக்கும் இரண்டாவது கிளாஸ் கொடுத்ததில்லை. "ரெண்டாவது கேட்டா, மொதல்ல செஞ்சது சரியில்லன்னு அர்த்தம்" என்பார். குப்பத்திலிருந்து வந்த ஒரு கிரானைட் வியாபாரி, பாடுபட்டு அடுக்கியதை ஸ்பூனால் நன்றாகக் கலக்கிவிட்டுக் குடித்தார். அண்ணன் பக்கத்திலேயே பவ்யமாக நின்று, "அடுத்த தடவ நானே கலக்கி எடுத்தாந்துடறேன் சார், எனக்கும் வேல மிச்சம்" என்றார். அந்த வியாபாரி அதன் பிறகு சித்தூர் வந்தால் வேறெங்கும் தங்கியதில்லை.

ஒரு மழைக்காலத்தில் ஓட்டல் பின்படியில் வழுக்கி விழுந்து இடது முன்கையை முறித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர் நாட்டு வைத்தியரிடம்தான் போவோம். இவரும் கட்டுப் போட்டுக்கொள்ளப் போனார். அங்கே வரிசையில் தன் தாயை உட்காரவைத்துக்கொண்டு ஒரு பெண்மணி இருந்திருக்கிறார். திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அம்மாவைப் பார்த்துக்கொள்வதிலேயே வயது போய், கல்யாணம் செய்துகொள்ளாதவர். நர்ஸம்மாவே இங்கே வரலாமா என்று அண்ணன் கேட்க, அவர், அம்மா பிடிவாதம், எங்கள் டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றாராம். அடுத்தடுத்த கட்டுக்கும் இருவரும் ஒரே நாளில் வருவது போல அமைந்தது. அமைந்ததா, அமைத்துக்கொண்டார்களா என்று நான் கேட்டதற்கு அண்ணன் கடைசிவரை பதில் சொல்லவில்லை.

கை கூடிய பிறகு ஒருநாள் வரவேற்பு மேசைக்கு வந்து நின்றார். சாவிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னார்: "சாந்தி, எனக்கு நிர்மலாவக் கட்டிக்கணும்னு இருக்குது. அவங்களுக்கும் சம்மதம்தான். கார்த்திதான் வேணாங்கறான்."

பெங்களூரில் வேலையிலிருந்த கார்த்தி, விஷயத்தைக் கேட்டதிலிருந்து போனை எடுப்பதே இல்லையாம். இந்த வயதில் எதற்கு, ஊரில் என்ன பேசுவார்கள் என்பது அவன் பேச்சு. ஊர் எப்படியும் எதையாவது பேசும், அதை விடு என்றேன். அண்ணன் தலையசைத்தார். "ஊருக்காக இல்லம்மா. அவங்க அம்மா எடத்துல இன்னொருத்தியான்னு அவனுக்கு. அது நியாயம்தான். ஆனா அவன் வேணாம்னா நான் செய்யமாட்டேன்" என்றார். அவர் சிரிக்காமல் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

என் கணவர் கார்த்தியிடம் பேசி, ஒரே ஒருமுறை வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ, பிறகு உன் இஷ்டம் என்று வரவழைத்தார். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் அண்ணன் வீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் அண்ணனே செய்திருந்தார். கார்த்தி மரியாதையாகச் சாப்பிட்டான். நிர்மலா அக்கா கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னான். அக்காவும் வலிந்து பேசவில்லை. என் கணவர்தான் மாங்காய் விளைச்சலைப் பற்றி, கேட்பாரில்லாமல் நெடுநேரம் பேசினார்.

இலையை எடுத்ததும் அண்ணன் சின்னக் கிளாஸ்களை மேசையில் வரிசையாக வைத்தார். காபியை ஊற்றினார். ஸ்பூனைக் கவிழ்த்து க்ரீமை விடும்போது கை நடுங்கியது. சொட்டாக விழ வேண்டியது கொட்டிவிட்டது. கிளாஸ் முழுக்க ஆறிப்போன டீயின் நிறம். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படியே ஆனது. முறிந்து கூடிய கை அல்ல, நல்ல கைதான் நடுங்கியது.  என் கணவரின் மாங்காய்ப் பேச்சும் தீர்ந்துபோயிருந்தது.

நிர்மலா அக்கா எழுந்து பக்கத்தில் போனார். "ஸ்பூன இப்பிடிக் குடுங்க" என்றார்.

"முதுகுல விடணும். மெள்ள" என்றார் அண்ணன்.

"ஊசி போடற கை இது. நீங்க ஒக்காருங்க."

அக்கா இதற்கு முன் ஊற்றியதே இல்லை. ஆனால் சின்ன மருந்துக் குப்பிகளோடு பழகிய கை. க்ரீம் காபியின்மேல் பாயை விரித்தது போலப் பரவி நின்றது. அதன்மேல் பிராந்தி. மூன்று அடுக்கும் தெளிவாக இருந்தன. முதல் கிளாஸைக் கார்த்தியின் முன்னால் வைத்தார்.

 கார்த்தி கையை நீட்டி, ஓரத்தில் கிடந்த கலங்கிய கிளாஸை எடுத்துக்கொண்டான். "நைனா செஞ்சத நான் குடிச்சிக்கறேன். இத நீங்க குடிங்க" என்று, அடுக்கு நின்ற கிளாஸை அக்கா பக்கம் நகர்த்தினான். ஒரே மடக்கில் குடித்தும்விட்டான். எங்களுக்கு அது நல்லதற்கா கெட்டதற்கா என்று புரியவில்லை. அவன் அக்காவைப் பார்த்துத்தான் பேசினான்.

"இவரு கை நடுங்கி நான் பாத்ததே இல்ல. அம்மா காரியத்தன்னிக்குக்கூட, நான் பயந்துக்குவேன்னு கெட்டியா நின்னாரு." கிளாஸைக் கீழே வைத்தான். "எப்ப வெச்சிக்கலாம்?"

அண்ணன் அடுக்களைக்குள் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது முகமெல்லாம் தண்ணீர். "பாத்திரம் கழுவினேன்" என்றார். மேசைமேல் ஒரு பாத்திரமும் குறையவில்லை.

நகரிப் பக்கம் அவர் ஊர்க் கோயிலில் கல்யாணம் எளிமையாக நடந்தது. மறுவாரம் அலிபிரி அடிவாரத்திலிருந்து இருவரும் திருமலைக்குப் படியேறினார்கள். நானும் கணவரும் கூடப் போனோம். வழியெல்லாம் அக்கா நாடி பார்க்க, அண்ணன் கையைக் கொடுத்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொள்வார். களைப்பே இல்லாத இடத்திலும் உட்கார்ந்தார் என்று எனக்குச் சந்தேகம். பிறகு வந்த வருடங்கள் சிரிப்பாகவே போயின. கார்த்தி மாதாமாதம் வந்தான். அக்கா தினமும் திருப்பதிக்குப் பஸ்ஸில் போய்த் திரும்புவார். மாலையில் அண்ணன் பஸ் நிறுத்தத்தில், அதே இஸ்திரிச் சட்டையோடு நிற்பார். வீட்டில் அடுக்குகளை அக்காதான் ஊற்றினார். சிலநாள் அண்ணன் வேண்டுமென்றே ஒன்றைக் கலக்கிவிட்டு, தனக்கு இன்னும் கை வரவில்லை என்பார்.

ஊரில் அண்ணனின் காரியம் முடிந்தபின் கார்த்தி அக்காவைப் பெங்களூருக்குக் கூப்பிட்டான். டூட்டி இருக்கிறது, லீவு நாளில் வருகிறேன் என்று அக்கா சொல்லிவிட்டார். அப்படியானால் தானே வாரம் தவறாமல் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். சொன்னபடி வந்துகொண்டுதான் இருக்கிறான்.

அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. அவருக்கு ஒன்று வேண்டும் என்றால், வயதைக் காரணம் காட்டி அதை உள்ளே போட்டுப் பூட்டிக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டும் என்று வாயைத் திறந்து சொன்னார். வேண்டாம் என்று பதில் வந்தாலும் வரட்டும் என்று காத்தும் இருந்தார். எனக்கு அந்தத் தைரியம் இருந்ததில்லை. போன வாரம் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். ஐம்பது தாண்டிய பிறகா என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கணவர் பேப்பரை மடித்துவிட்டு, எந்த டிரைவிங் ஸ்கூல் என்று மட்டும் கேட்டார்.

இதை நிர்மலா அக்காவிடம் போனில் சொன்னேன். காரியத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். "மொத சவாரிக்கு நான் வர்றேன் சாந்தி. பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்துக்கினு வர்றேன்" என்றார்.